கூடையடி வீரனும் ஒற்றை வித்தையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய நம்மிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது நாவலர் பெருமானின் வசன நடை பற்றியோ, நளன் கதை பற்றியோ ஒரு கட்டுரையாகவே இருந்திருக்கும். நாமோ கூடைப்பந்தாட்டம் பற்றி எழுத முற்படுகின்றோம். இதனைக் கண்டு முகஞ் சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தல் வேண்டும். காலையில் வகுப்பறையிற் புணர்ச்சி விதி கற்பித்து, மாலையிற் பந்தாட்ட முற்றத்தின் ஓரத்தில் நிற்பது பன்னிரண்டு ஆண்டுகளாக நமக்கு விதிக்கப்பட்ட கடமை. அணியின் பொறுப்பாசிரியர் என்னும் பெயர் நமக்கு உண்டு. ஆட்டத்தில் வல்லுநர் என்னும் பெயர் இல்லை. ஆயினும் கற்பித்தல் என்னும் தொழில் இரண்டிடத்தும் ஒன்றே என்பது நாம் கண்ட உண்மை. அவ்வுண்மையை முன்னிட்டே இங்கு வாய் திறக்கின்றோம்.

ஆட்டம் நடைபெறும் மாலைகளில் முற்றத்தின் மதிலோரம் பழைய மாணவர் பலர் கூடுவர். அவர்தம் அன்பு பெரிது, குரலும் பெரிது. நம் அணியின் நெடிய மாணவன் கூடைக்கு அருகிற் பந்தை வாங்கியதும் அவர்களிடையே ஒரு பேச்சு எழும்: "உயரம் மட்டும் இருந்தென்ன? பெடியனுக்கு ஒரு வித்தைதானே தெரியும்." இப்பேச்சை நாம் ஓராண்டு இரண்டாண்டு கேட்டோமல்லோம். ஆண்டுதோறும் மாணவன் மாறுகின்றான், பேச்சு மாறவில்லை. இப்பேச்சில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆட்டம் அறியாத அன்பர்க்காகச் சிறிது விளக்குவோம். 1891 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், மாரிகாலத்தில் மாணவரை அடக்கிவைக்க வழி தேடி, மண்டபத்து மேன்மாடக் கைப்பிடியிற் பழக்கூடைகளைக் கட்டிவைத்து இவ்விளையாட்டைத் தோற்றுவித்தார். அக்கூடை நிலத்திலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் அதே 10 அடிதான். கூடை ஏறாமல் நிற்க, ஆடும் மனிதர் வளர்ந்தனர். அவருள் மிக நெடியவர் கூடைக்கு அருகே நின்று ஆடும் இடத்தைப் பெற்றார். 'சென்ரர்' என்று நாம் வழங்குவது அவரையே.

அவருக்குரிய பழம்பெரும் ஆட்டமுறை 'போஸ்ற் அப்' என்பது. கூடைக்கு முதுகு கொடுத்து, எதிரியைத் தன் முதுகால் தடுத்துவைத்துக்கொண்டு, பந்தைக் கையில் வாங்கி, அங்கிருந்து புள்ளி தேடுதலே அது. முதுகுப்புறம் நிற்கும் எதிரியைக் கண்ணாற் காணாமல், தோளின் அழுத்தத்தால் அறிந்து, வலப்புறமோ இடப்புறமோ திரும்பவேண்டும். ஒரு காலைப் பின்னே வீசி எதிரியைக் கடந்து செல்வது ஒரு வித்தை. பக்கவாட்டில் நின்று ஒரு கையைத் தலைக்கு மேலாக வளைத்து எறியும் 'ஹூக்' மற்றொன்று. எறிவதுபோற் காட்டி எதிரியைத் துள்ளவைத்து, அவன் கைக்குக் கீழாக நுழைந்து எறிவது வேறொன்று. திரும்பி நின்று துள்ளி எறிவது இன்னொன்று. இவற்றையெல்லாம் இரு கையாலும் இரு பக்கத்தும் செய்ய வல்லவனே நிறைந்த வீரன் என்பது பழைய கொள்கை.

நெடியவர்க்கு இவ்விடம் எவ்வளவு வாய்ப்பாக இருந்ததென்பதை விதிகளே காட்டும். ஜோர்ஜ் மைக்கன் என்னும் வீரரின் ஆதிக்கத்தைக் குறைக்கும்பொருட்டு, கூடைக்கு முன்னுள்ள வண்ணக் கட்டம் 1951 இல் 6 அடி அகலத்திலிருந்து 12 அடியாக்கப்பட்டது. வில்ற் சேம்பர்லின் வந்த பின்னர் 1964 இல் அது 16 அடியாயிற்று. கட்டத்தினுள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கலாகாது என்பது விதியாதலின், கட்டம் விரிய விரிய நெடியவன் கூடைக்கு அப்பால் தள்ளப்பட்டான். தள்ளப்பட்டவனுக்கு உயரம் மட்டும் போதாது, வித்தையும் வேண்டியதாயிற்று. "ஒரு வித்தைதானே தெரியும்" என்னும் குறைகூறலின் வேர் இங்கே இருக்கின்றது.

இக்குறையை நம் காலத்தில் மிகுதியாகக் கேட்ட வீரர் ஒருவர் உளர். அவரே டுவைற் ஹவார்ட். 2004 இற் பாடசாலையிலிருந்து நேரே ஒர்லாண்டோ மஜிக் அணியினராற் முதல்வராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர். உயரம் 6 அடி 10 அங்குலம். தோள்கள் மலைபோன்றவை. துள்ளுதலில் இணையற்றவர். 2009, 2010, 2011 என்னும் மூன்றாண்டும் தொடர்ந்து தலைசிறந்த தடுப்பு வீரருக்கான விருதை வென்றவர். இங்ஙனம் மூன்றாண்டு தொடர்ந்து அவ்விருதைப் பெற்றவர் அவருக்கு முன் எவருமிலர். இத்தனை இருந்தும், கூடைக்கு முதுகு கொடுத்துப் பந்தை வாங்கிய கணத்திற் பார்ப்போர் பெருமூச்சு விட்டனர். வலக்கை ஹூக் ஒன்று. குறுக்கே ஓடி எறியும் எறி ஒன்று. வலிமையால் தள்ளிச் செல்லும் செலவு ஒன்று. இவற்றிற்கு அப்பால் அவரிடம் அதிகம் இல்லை. காலடி சில வேளை தடுமாறும். மென்மையான கை அவருக்கு வாய்க்கவில்லை. இவை மறுக்கவியலாதவை.

ஆயின், "ஆகவே அவர் புள்ளி சேர்ப்பதில் வலியற்றவர்" என்று பலர் முடித்தனரே, அம்முடிபு சரியா? இங்கேதான் நாம் மாறுபடுகின்றோம்.

2009 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஒர்லாண்டோவின் பயிற்றுநர் ஸ்ரான் வான் கண்டி தம்மிடம் இருந்த நெடியவன் ஓர் ஒலாஜுவான் அல்லன் என்பதை நன்கறிந்தவர். அறிந்து புலம்பினாரல்லர். அவரைச் சுற்றித் தொலைவிலிருந்து எறியவல்ல நால்வரை நிறுத்தினார். ஹவார்ட் பந்துடையவனின் காவலனை வழிமறித்து நின்று, பின் கூடையை நோக்கி ஓடுவார். ஓடும்போது எதிரணியினர் இருவர் மூவர் அவரை நோக்கிக் குவிவர். குவிந்தால் வெளியே எறிவோர் தனித்து விடப்படுவர். குவியாவிடிற் பந்து வானில் உயர்ந்து ஹவார்டின் கையிற் சேர்ந்து கூடைக்குள் திணிக்கப்படும். அவ்வாண்டு மே 30 ஆந் திகதி, கிழக்கு மாநாட்டு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஹவார்ட் 40 புள்ளி எடுத்து, லெப்றோன் ஜேம்ஸ் ஆடிய கிளீவ்லாண்ட் அணியை வீட்டுக்கு அனுப்பினார். ஒற்றை வித்தைக்காரன் எனப்பட்டவர் தம் அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுசென்றார்.

இதன் காரணத்தைச் சிறு கணக்காற் காட்டலாம். நூறு எறிக்கு 45 வெற்றி தரும் சாதாரண எறி ஒன்றால், ஒரு முறை பந்து பெறும்போது கிடைப்பது சராசரி 0.9 புள்ளி. தொலைவிலிருந்து மூன்று புள்ளிக்கு எறிந்து நூற்றுக்கு 36 பெறுவோனுக்குக் கிடைப்பது 1.08. கூடையடியில் ஓடிவந்து திணித்து நூற்றுக்கு 70 பெறுவோனுக்குக் கிடைப்பது 1.4. அழகிய காலடியும் மயக்கும் தோளசைவும் காட்டி முதுகு கொடுத்து ஆடுபவன் பாதி எறிகளை வென்றாலும் அவன் தருவது 1.0 மட்டுமே. கண்ணுக்கு விருந்தாவது வேறு, கணக்கிற் சேர்வது வேறு. மூன்று புள்ளிக் கோடு 1979 இல் அமெரிக்கத் தொழின்முறை ஆட்டத்துட் புகுந்ததும், 2001 இல் இடக்காப்பு முறைக்கு அங்கு இசைவு தரப்பட்டதும் இக்கணக்கை மேலும் கூர்மையாக்கின. முதுகு கொடுத்து நிற்பவனுக்கு முன்னும் பின்னும் காவலர் நிற்க வழி பிறந்தது. பழைய வித்தை பலவும் தெரிந்தவனுக்கே அந்த ஆட்டம் கடினமாயிற்று என்றால், ஹவார்ட் மீது மட்டும் பழி சுமத்துவது முறையாமோ?

பில் றசல் என்னும் பெருமகனை நினைவுகூர்வதும் இங்குத் தகும். 1957 முதல் 1969 வரையுள்ள பதின்மூன்று பருவங்களிற் பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணிக்குப் பதினொரு வெற்றிக் கிண்ணங்கள் கிடைத்தன. பதினொன்றிலும் அவர் இருந்தார். அவரது ஆட்டச் சராசரி 15.1 புள்ளி மட்டுமே. எறிந்த எறிகளில் வென்றவை நூற்றுக்கு 44. கூடைக்கு முதுகு கொடுத்து மாயம் புரியும் வித்தகர் அல்லர் அவர். எனினும் எதிரியின் எறியைத் தட்டி, வீழ்ந்த பந்தைப் பற்றி, பற்றிய மாத்திரத்தே முன்னோடும் தோழனுக்கு வீசினார். அந்த ஒரு வீச்சிலிருந்து பொஸ்ரனின் விரைவாட்டம் பிறந்தது. புள்ளிப் பட்டியலில் அப்புள்ளி வேறொருவர் பெயரில் எழுதப்படும். ஆக்கியவர் யார் என்பதை ஆட்டம் அறிந்தவரே அறிவர்.

இதுவரை ஹவார்டுக்கு வழக்குரைத்தோம். எனினும் ஒருபக்கச் சார்பு ஆசிரியனுக்கு அழகன்று. குறைகூறுவோர் பக்கத்திலும் உண்மை உண்டு.

2009 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம் ஜூன் 11 ஆந் திகதி ஒர்லாண்டோவில் நடந்தது. எதிரணி லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கேர்ஸ். ஆட்டம் முடிய 11.1 விநாடி இருந்தது. ஒர்லாண்டோ 87–84 என மூன்று புள்ளியால் முன்னின்றது. எதிரியின் தவறுக்காக ஹவார்டுக்கு 'பிறீ த்ரோ' என்னும் தனியெறி இரண்டு கிடைத்தன. காவலர் இல்லை; கைமறிப்பார் இல்லை; 15 அடி தூரத்திற் கூடை. ஒன்று விழுந்திருந்தாலே போதும், லேக்கேர்ஸ் அணி ஓர் எறியாற் சமன் செய்திருக்க இயலாது. இரண்டும் தவறின. மறுகணம் டெறெக் ஃபிஷர் மூன்று புள்ளி எறிந்து சமன் செய்தார். மேலதிக நேரத்தில் லேக்கேர்ஸ் வென்றது. தொடர் 2–2 என்றாகாமல் 3–1 என்றாயிற்று. அடுத்த ஆட்டத்தோடு கிண்ணமும் போயிற்று.

அன்பர்காள், இங்கு நாம் உற்று நோக்கவேண்டியது யாது? அன்று அவரைக் கைவிட்டது முதுகு கொடுத்து ஆடும் வித்தையின் குறைவன்று. எவரும் மறிக்காத எளிய எறி ஒன்றின் குறைவே. அவரது வாழ்நாள் முழுமைக்கும் தனியெறியில் அவர் பெற்ற வெற்றி நூற்றுக்கு 57 அளவிலேயே நின்றது. 'வித்தை போதாது, வித்தை போதாது' என்று உலகம் கூவியபோது, உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருந்தது. நோய் ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறிடத்திற் பூசும் வைத்தியம் இது.

தனியெறியிலுங்கூட மற்றொரு பக்கம் உண்டு. 2012 ஜனவரி 12 ஆந் திகதி கோல்டன் ஸ்ரேற் அணியினர் அவர் பலவீனத்தைக் கண்டு வேண்டுமென்றே அவர்மீது தவறிழைத்து அவரைக் கோட்டுக்கு அனுப்பிய வண்ணம் இருந்தனர். அன்று அவர் எறிந்தவை 39. ஓர் ஆட்டத்தில் அத்துணை தனியெறி அதற்கு முன் எவரும் எறிந்ததில்லை. சேம்பர்லின் 1962 இல் எறிந்த 34 என்னும் எண் அன்று முறிந்தது. விழுந்தவை 21 தான். ஆயினும் ஹவார்ட் 45 புள்ளி பெற்றார், வென்றது ஒர்லாண்டோ. இரண்டெறிக்கு அவர் ஈட்டியது ஏறத்தாழ 1.08 புள்ளி. எள்ளி நகையாடப்பட்ட எறியே, அழகிய ஹூக் தருவதற்குச் சற்று மேலாகத் தந்துவிட்டது. குறையுடையவனும் கணக்கிற் குறையாமல் நிற்கலாம். இறுதி 11 விநாடியில் மட்டும் சராசரி என்னும் கணக்கு உதவாது.

வித்தை கற்பது வீணா எனின், அதுவுமன்று. 2010 கோடையில் ஹவார்ட் ஹூஸ்ரன் நகருக்குச் சென்று ஹக்கீம் ஒலாஜுவானிடம் மாணவரானார். நைஜீரியாவின் லேகோஸ் நகரிற் பிறந்த ஒலாஜுவான் இளமையிற் கைப்பந்தும் உதைபந்தும் ஆடியவர். பதினைந்து வயதளவிலேயே கூடைப்பந்தைத் தொட்டவர். உதைபந்துக் காலடியைக் கூடையடிக்குக் கொண்டுவந்து, எதிரி வலம் என்று எண்ணும்போது இடமும், இடம் என்று எண்ணும்போது வலமுமாகத் திரும்பி, 1994, 1995 ஆகிய ஈராண்டும் தம் அணிக்குக் கிண்ணம் ஈட்டிக்கொடுத்தவர். அவரிடம் பயின்று வந்த பருவத்தில் ஹவார்ட் ஆட்டத்துக்கு 22.9 புள்ளி பெற்றார். அவரது வாழ்நாளின் மிக உயர்ந்த சராசரி அதுவே. ஒலாஜுவானுக்குரிய வித்தைகள் முழுவதும் ஹவார்டிடம் வந்துவிடவில்லை. வரவும் இயலாது, ஒருவர் உடம்பிற் பதினைந்து வயதுக்கு முன் ஊறியது மற்றவர் உடம்பில் ஒரு கோடையில் ஊறாது. ஆயினும் ஒன்றிரண்டு வந்தன. அவ்வொன்றிரண்டே போதுமானவையாயின.

பின்வந்த ஆண்டுகள் ஹவார்டுக்கு இனியவையல்ல. முதுகில் அறுவைச் சிகிச்சை, அணிக்கு அணி மாற்றம், மனக்கசப்பு எனக் காலங் கழிந்தது. பந்தை முதுகு கொடுத்து வாங்கவே அவர் விரும்பினார், ஓடிவந்து திணிக்கும் தம் பழைய பலத்தை விரும்பினாரல்லர் எனப் பரவலாகப் பேசப்பட்டது. உலகம் எந்தக் குறையைச் சொல்லிச் சொல்லிக் காட்டியதோ, அந்தக் குறையை நிரப்பப்போய்த் தம் நிறைவை மறந்தாரோ என எண்ண இடமுண்டு. ஈற்றில் 2020 இல் லேக்கேர்ஸ் அணியின் துணை வீரராக அமர்ந்து, வழிமறித்தல், ஓடுதல், தடுத்தல், பற்றுதல் என்னும் நான்கையும் செய்து, ஆட்டத்துக்கு 7.5 புள்ளி மட்டும் பெற்று, முதன்முதற் கிண்ணத்தைக் கையிலேந்தினார். 2021 இல் வெளியான எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவுப் பெருவீரர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. 2025 இலோ கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது. காலந் தாழ்த்தித் தரப்பட்ட தீர்ப்பெனினும் அது நேரிய தீர்ப்பென்பது நம் கருத்து.

ஒற்றை வித்தை என்னுஞ் சொல்லே இழிவுக்குரியதன்று என்பதற்குக் கரீம் அப்துல்-ஜபார் சான்று. 1967 முதல் 1976 வரை அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திற் பந்தைக் கூடைக்குள் திணித்தல் தடைசெய்யப்பட்டிருந்தது. அத்தடைக்குக் காரணம் அக்காலத்தில் மாணவராயிருந்த இவரே என்பது பலர் துணிபு. அவர் மனஞ் சோர்ந்தாரல்லர். சிறுவயதுமுதற் பழகிய ஹூக் எறியையே மேலும் மேலும் தீட்டினார். உயர்ந்த கையின் உச்சியிலிருந்து வானவில்போல் வளைந்து இறங்கும் அவ்வெறியை மறிக்க வல்ல காவலன் அரியன். இருபது பருவம் ஆடி, பெரும்பாலும் அதனையே நம்பி, 38,387 புள்ளி சேர்த்தார். அவ்வெண்ணை லெப்றோன் ஜேம்ஸ் முறியடித்தது 2023 பெப்ரவரியிலேதான். இடையில் ஏறத்தாழ முப்பத்தொன்பது ஆண்டுகள் அதிக புள்ளி சேர்த்தவர் என்னும் பெயர் கரீமுக்கே உரியதாயிருந்தது. அவர் தம் வாழ்நாளிற் போட்ட மூன்று புள்ளி எறி எத்தனை தெரியுமோ? ஒன்றே ஒன்று! 'பல தெரியவில்லை' என்று அவரை எவரும் குறைசொல்லத் துணியவில்லை.

நம் இலக்கியத்திலும் இதற்கு ஒப்புமை காணலாம். புகழேந்திப் புலவர் வெண்பா ஒன்றாற் பெரும்புகழ் எய்தியவர். எல்லாப் பாவினத்தையும் தொட்டுப் பார்த்து எதிலும் கைவராதவர் பெயர் நமக்குத் தெரியவில்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்னும் பழமொழி முற்றத்துக்கும் பொருந்தும்.

இவ்வளவும் எழுதிய நாம் இனி நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நம் அணியில் நெடிய மாணவன் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டா. கட்டத்தின் இடப்பக்கத்திற் பந்தை வாங்கி, இரண்டு அடி உள்ளே வந்து, வலக்கையால் வளைத்தெறிவான். பத்துக்கு ஆறு விழும். அவனுக்கு இருந்தது அவ்வளவுதான். மதிலோரத்துப் பேச்சு நம் செவியிலும் ஏறியது. 'ஒன்றே தெரிந்தால் எதிரணி படித்துவிடும்' என்று நாமும் நம்பினோம். பெரிய வீரர்களின் ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு தவணைக்குள் ஐந்து புதிய வித்தைகளை அவனுக்கு ஊட்டினோம். இடக்கை, பின்கால் வீச்சு, போலி எறி, எதிர்த்திருப்பம் என ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினோம். அவனும் மறுபேச்சின்றி வியர்வை சிந்தினான்.

போட்டி நாள் வந்தது. பந்து அவன் கைக்கு வந்தது. அவன் அசையவில்லை. ஐந்தில் எதைச் செய்வது என்று நின்றான். மத்தியஸ்தர் விசில் ஊதினார், மூன்று விநாடி. மறுமுறை பந்து வந்தது, இடக்கையால் எறிந்தான், பலகையிற்கூடப் படவில்லை. மதிலோரத்திற் சிரிப்பு எழுந்தது. மூன்றாம் முறை பந்து வந்தபோது தன் பழைய எறியை எறிந்தான். அதுவும் விழவில்லை. கையிலிருந்த ஒன்றும் கையைவிட்டுப் போயிற்று. அடுத்த தவணையில் மேற்சட்டையை மடித்துக் கொண்டுவந்து நம் மேசையில் வைத்து, "சேர், எனக்கு இது சரிவராது" என்றான். அன்று நாம் அவனுக்குச் சொல்லவேண்டியிருந்த சொல் வேறு. "சரிவராதது உனக்கன்று, எம் கற்பித்தலுக்கு" என்று சொல்லியிருக்கவேண்டும். நாமோ சட்டையை வாங்கி அலுமாரியில் வைத்தோம். இம்மலர் அவன் கைக்கும் கிடைக்கக்கூடும். கிடைப்பின், அன்று சொல்லாத சொல்லை இன்று ஏற்றுக்கொள்வானாக.

அவ்வனுபவத்தின் பின் நாம் கைக்கொண்ட முறையைச் சுருங்கச் சொல்வோம். பிற பயிற்றுநரும் மாணவரும் கொள்ளத்தக்கது கொள்க.

முதலாவது, மாணவனிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு வித்தையைக் கண்டு அதனை உறுதிசெய்தல். களைத்த நிலையிலும், தள்ளப்பட்ட நிலையிலும், கண்ணை மூடினும் வழுவாதபடி அது உடம்பில் ஊறவேண்டும். இரண்டாவது, அவ்வித்தைக்கு ஒரே ஒரு மறுவித்தை. வலப்புறம் அடைக்கப்பட்டால் இடப்புறம் திரும்ப ஒரு வழி இருத்தல் போதும். எதிரி படித்துவிடுவான் என்னும் அச்சத்துக்கு விடை அந்த ஒன்றே. ஐந்து கதவுள்ள வீட்டுக்குக் காவல் கடினம் என்பது மெய். திறக்கத் தெரியாத ஐந்து கதவால் வீட்டுக்காரனுக்கு என்ன பயன்? மூன்றாவது, பந்தைத் திருப்பி வீசுதல். இருவர் தன்னைச் சூழ்ந்தால் மூன்றாமவன் எங்கோ தனித்திருக்கின்றான் என்பதை நெடியவன் அறிதல் வேண்டும். உலகப் பொதுவிதிப்படி ஆடும் நம் மாணவருக்கு இது மிகமிக இன்றியமையாதது. அமெரிக்கத் தொழின்முறை ஆட்டத்திற் காவலன் எவரையும் காவாது கட்டத்தில் மூன்று விநாடிக்கு மேல் நிற்றல் குற்றம். நம் விதியில் அத்தடை இல்லை. ஆகவே எதிரணியின் நெடியவன் கூடையடியிலே காலூன்றி நிற்பான். அவனை வெல்ல ஆறாவது வித்தை உதவாது; தோழனுக்கு உரிய காலத்தில் வீசிய பந்து உதவும். நான்காவது, தனியெறி. ஒவ்வொரு மாலையும் பயிற்சி முடிந்து, கால் தளர்ந்தபின், ஐம்பது எறி. இது புகழ் தராத பயிற்சி. எவரும் மதிலோரம் நின்று இதைப் பார்ப்பதில்லை. ஆயினும் 11.1 விநாடி எஞ்சியிருக்கும்போது கையில் நிற்பது இதுவே.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு நம் அணியில் இன்னொரு நெடியவன் இருக்கின்றான். பதினோராந் தரத்து மாணவன். அவனுக்குத் தெரிந்ததும் ஒன்றுதான். அவன் பந்தை வாங்கும்போது நீங்கள் பார்ப்பது அவ்வொன்றை மட்டுமே. அவன் வழிமறித்து நிற்பதால் நம் சிறிய ஆட்டக்காரன் தடையின்றி எறிவதையும், அவன் கூடையடியில் நிற்பதால் எதிரணியினர் உள்ளே வர அஞ்சுவதையும், தவறிய பந்தை அவன் எட்டிப் பற்றுவதால் நமக்கு இரண்டாம் வாய்ப்பு வாய்ப்பதையும் எண்ணிப் பாருங்கள். எண்ணியபின் குறை காணின், அக்குறையை ஆட்டம் முடிந்தபின் நம்மிடம் வந்து சொல்லுங்கள். நாம் கேட்போம். மதிலோரத்திலிருந்து எழும் சொல் பயிற்றுநர் செவிக்கு வருமுன் மாணவன் நெஞ்சுக்குச் சென்றுவிடுகின்றது. நீங்கள் ஆடிய காலத்தில் உங்கள் நெஞ்சுக்கும் அச்சொல் சென்றிருக்கும், மறந்திருக்கமாட்டீர்கள்.

வகுப்பறைக்கும் இதுவே நீதி. இலக்கணம் வாராத மாணவனுக்குக் கட்டுரை வரும். கட்டுரை வாராதவனுக்குக் கணக்கு வரும். இருப்பதைக் கண்டு வளர்த்தபின் இல்லாததை ஒன்று இரண்டாகச் சேர்த்தலே ஆசிரியன் கடன். இல்லாததை எண்ணி எண்ணி இருப்பதையும் இழக்கச் செய்தல் கல்வியாகாது.

விழாக் காணும் நம் கல்லூரி இத்துணை ஆண்டும் ஆயிரமாயிரம் மாணவரை உலகுக்கு அனுப்பியது. அவருள் எல்லாம் வல்லவர் ஒரு சிலரே இருந்திருப்பர். ஒன்றை நன்கறிந்து, அதனைக்கொண்டு தம் குடும்பத்தையும் ஊரையும் தாங்கியவரே மிகப் பலர். அந்த நெடிய மாணவன் அடுத்த ஆட்டத்திற் பந்தை வாங்கும்போது மதிலோரத்தில் ஒரு கணம் அமைதி நிலவுமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம். எறி விழுந்தாற் கை தட்டுங்கள். விழாவிடினும் தட்டுங்கள், அடுத்த எறி விழும்.